டொக்டர் கேட்டதும் அத்தை சொன்னதும்

எண்பத்திரண்டாம் வருடம், சிறுபோக நெல்வெட்டு முடிந்த கையோடு நடந்தது இது. அப்போது நாங்கள் வன்னியில், இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டிய ஒரு காலனியில் இருந்தோம். எழுபத்தேழு கலவரத்தில் எங்களைப் போல மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள்தான் அங்கே அநேகம் பேர். எனக்கு இருபத்து மூன்று வயது, கலியாணமாகி இரண்டு வருடம், வலது காதுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி.

கட்டியை மூன்றாவதாகச் சொல்கிறேனே தவிர, அந்த நாட்களில் என் நினைப்பில் அதுதான் முதலாவது. வன்னிக்கு வந்த வருடம் புளியங்கொட்டை அளவில் கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. "பொன்னுக்கு வீங்கி" என்றார் அம்மா. பக்கத்து வீட்டில் இரவல் கேட்ட தங்கச் சங்கிலியை மூன்று நாள் என் கழுத்தில் போட்டு வைத்தார். நாங்கள் களை பிடுங்கப் போகும் வயல்காரர் வீட்டு அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் பார்த்துவிட்டு, "இது கூகைக்கட்டெல்லோ. வேப்பிலை அரைச்சுப் பூசு பிள்ளை" என்றார். பெயர்தான் இரண்டு, இருவரும் சொன்னது ஒரே வியாதியை. அந்த வியாதியென்றால் ஒரு கிழமையில் வற்றியிருக்க வேண்டும். என்னுடையது வற்றவில்லை. அவசரமும் படாமல் வருடத்துக்கு ஒரு சுற்றுப் பெருத்தது.

வலிக்காத கட்டியை யார் டொக்டரிடம் கொண்டு போவார்கள்? நான் மறைக்கத்தான் பழகினேன். முந்தானையைக் காதோரம் இழுத்துவிட்டுக்கொள்வேன். ஆட்களோடு பேசும்போது இடது கன்னத்தைத் திருப்புவேன். இத்தனைக்கும் மேல் காட்டிக்கொடுத்தது சிரிப்புத்தான். வாய்விட்டுச் சிரித்தால் கன்னம் மேலே ஏறும், கட்டி முன்னுக்கு வந்து துருத்திக்கொண்டு நிற்கும். உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, வலது பக்க உதட்டை அசையவிடாமல் இடது பக்கத்தால் மட்டும் சிரிக்கப் பழகினேன். பிறகு பழக வேண்டியே இருக்கவில்லை. தனியாக இருக்கும்போதும் அப்படித்தான் சிரித்தேன்.

பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டார் என்னைச் சுவரோரமாக, வலது கன்னம் சுவரைப் பார்க்கும்படி உட்கார வைத்தார்கள். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை கட்டியில் பட்டது. அவர் முடிச்சைப் போட்டு முடித்தார். அவருடைய அம்மாதான் விடவில்லை. "ஒரு பக்கத்தக் காட்டி ஏமாத்திப்புட்டாங்க" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொன்னார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கலியாணம் முடிந்து மலைக்குத் திரும்பிப் போனவர், அந்த வருடம்தான் எங்களோடேயே இருந்துவிட வந்திருந்தார். மனதில் உள்ளதை விழுங்கத் தெரியாத வாய் அவருக்கு. எனக்கும் வாய் குறைவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் எதிர்த்துப் பேச முடியாது. ஏமாற்றியது உண்மைதானே.

கட்டி அந்த வருடம் பெருத்த விதத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று நின்றார் என் கணவர். ஆனால் வெட்டிய நெல் இன்னும் அடிக்கப்படாமல் வயலில் குவிந்து கிடந்தது. அதை விட்டு அவரால் வர முடியாது. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை துணி மூட்டையைக் கட்டிவிட்டார். டொக்டருக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. இவரோடு நாட்கணக்கில் தனியாக இருப்பதற்குத்தான் பயந்தேன். பரந்தன் சந்தியில் பஸ் ஏறினோம். வலது கன்னம் ஜன்னலைப் பார்க்கும்படி உட்கார்ந்துகொண்டேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே ஒருவரும் எனக்குக் குறை வைக்கவில்லை. நடந்த தவறு என் முகத்தில்தான் இருந்தது.

வாட்டில் கட்டில் தந்த அன்று ஒரு இளம் டொக்டர் வந்து பார்த்தார். "நெத்தியைச் சுருக்குங்கோ. கண்ணை இறுக்கி மூடுங்கோ" என்றார். செய்தேன். "இனிப் பல்லைக் காட்டுங்கோ" என்றார். முன்பின் தெரியாத இளவட்டம் ஒருவர் பல்லைக் காட்டு என்றால் எப்படிக் காட்டுவது? பக்கத்தில் அத்தை வேறு. இடது பக்கத்தால் கொஞ்சம் காட்டினேன். "வடிவாக் காட்டுங்கோ" என்றார். அதற்கு மேல் வரவில்லை. "சரி, சீக்காய் அடியுங்கோ பாப்பம்" என்றார். எனக்குத் தெரிந்த சீக்காய் தலைக்குத் தேய்ப்பது. அதை இவர் முன்னால் எப்படி அடிப்பது, எதற்கு அடிப்பது என்று ஒன்றும் விளங்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிலடிப்பதற்கு இந்தப் பக்கம் அப்படிச் சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் எதையோ எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் பெரிய டொக்டர் வந்தார். நரைத்த தலை, தாழ்ந்த குரல். கட்டியை அழுத்திப் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், அட்டையைப் படித்தார். அவரும் பல்லைக் காட்டச் சொன்னார். முதல் நாள் வெட்கம் மட்டும்தான், இன்று பயமும் சேர்ந்துகொண்டது. அதே அரைச் சிரிப்புத்தான் வந்தது. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கு விளங்கும்படி சொன்னார். கன்னத்தில் எச்சில் சுரக்கிற சதை ஒன்று இருக்கிறதாம். அதில் அபூர்வமாகத்தான் கட்டி வருமாம். வந்தாலும் அநேகமாகச் சாதுவான கட்டியாகத்தான் இருக்குமாம்.

"ஆனா அந்தச் சதைக்குள்ளாலைதான் முகத்தை அசைக்கிற நரம்பு போகுது. சாதுவான கட்டி நரம்பைத் தள்ளிப்போட்டு வளரும், தின்னாது. பொல்லாத கட்டிதான் தின்னும். உங்களுக்கு வாயோரத்து நரம்பு வேலை செய்யேல்லை, பிள்ளை."

பொல்லாத கட்டியென்றால் நரம்போடு சேர்த்துத்தான் வெட்டி எடுக்க வேண்டுமாம். எடுத்தால் வலது பக்க முகம் தொங்கிவிடும் என்றார். அதோடு உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல முடியாது, அந்த வைத்தியத்துக்கு இங்கே வசதி இல்லை, கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"கண்ண மூட முடியாதுங்களா?"

"அந்தப் பக்கம் மூட ஏலாது, பிள்ளை."

புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கொழும்பில் எந்த ஆஸ்பத்திரி என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டு, அது புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று சொன்னபோதுதான் விளங்கியது. அந்தப் பின்னேரம் முழுக்க வலது கண்ணைக் கையால் மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பிடித்து வைத்திருக்கிற உதட்டைத்தான் அவர்கள் செத்த நரம்பு என்கிறார்கள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. ஆனால் ஐந்து வருடம் ஒரு முகத்தோடு வாழ்ந்தால் அதுதான் தன் முகம் என்று ஆகிவிடுகிறது. நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

வாட்டில் இருந்த தாதி, மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனுசி. பொழுது சாய்வதற்கு முன் அத்தையிடம் வந்து, "காலமை ஆறு மணிக்கு அம்புலன்ஸ் வந்திடும் அம்மா. அதுக்கு முதல் வெளிக்கிட்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். "இதுக்குமா மணி சொல்லுவாங்க?" என்று அத்தை முணுமுணுத்தார். நான் இருந்த இருப்பில் அதைக் காதில் வாங்கவில்லை.

காலையில் அம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. கொழும்பு டொக்டருக்கு எழுதிய கடிதத்தைத் தானே கொண்டுவந்து தர வேண்டுமென்று பெரிய டொக்டரே வந்திருந்தார். அந்த இளம் டொக்டரும் மிஸ்ஸியும் பின்னால் வந்தார்கள். எங்கள் துணிமணி இன்னும் கட்டிலில் பரந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் அத்தையிடம் பரிவாகத்தான் கேட்டார்.

"என்னம்மா, வெளிக்கிட்டாச்சோ?"

அத்தை எழுந்து நின்றார். பெரிய மனிதர் ஒருவர் அக்கறையாகக் கேட்கிறார் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்.

"ஆச்சுங்க ஐயா. வெள்ளனவே எந்திரிச்சு ரெண்டு தடவ ஆச்சுங்க. எனக்கு வயித்துல ஒரு கோளாறும் இல்ல. புள்ளைக்குத்தான் நேத்துலேருந்து போகலீங்க."

வன்னியில் வெளிக்கிடுவது என்றால் புறப்படத் தயாராவது. கோயிலுக்கு வெளிக்கிடுவார்கள், வயலுக்கு வெளிக்கிடுவார்கள். எங்கள் மலைப் பேச்சில் வெளிக்கு என்றால் கக்கூசுக்குப் போவது, வேறு எதுவும் இல்லை. வயல் வேலைக்குப் போய்ப் போய் எனக்கு இரண்டு பேச்சும் பழக்கம். வந்து ஆறு மாதமாகக் காலனியைத் தாண்டாத அத்தைக்கு ஒன்றுதான் தெரியும்.

முதலில் வெடித்துச் சிரித்தவர் மிஸ்ஸிதான். கையிலிருந்த தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தேன். சாகப் போகிற ஆள் சிரிக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. வாயைப் பொத்தக் கை போவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று விளங்காமல் அத்தை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்ததில் இன்னும் கூடியது.

பெரிய டொக்டரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். பாதியில் நிறுத்திவிட்டார். குனிந்து என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"பொறுங்கோ. திரும்பச் சிரியுங்கோ பிள்ளை."

சொன்னதும் சிரிப்பு ஓடிவிட்டது. பழைய அரைச் சிரிப்புத்தான் வந்தது. அவர் இளம் டொக்டரைப் பார்த்தார். "பாத்தியளே? கேட்டா அந்தப் பக்கம் வரேல்லை, தன்பாட்டிலை வருகுது. செத்த நரம்பெண்டால் தன்பாட்டிலை மட்டும் எப்பிடி வரும்?" பிறகு என்னிடம், "ஏன் பிள்ளை அந்தப் பக்கத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்ட பிறகுதான் நான் பிடித்து வைத்திருப்பது எனக்கே தெரிந்தது. "கட்டி தெரியக்கூடாதுன்னுங்க" என்றேன். அதோடு எல்லாம் வந்துவிட்டது. கண்ணாடித் துண்டு, சுவரோரம் உட்கார வைத்தது, எதையும் விடவில்லை. மிஸ்ஸி சிரிப்பை நிறுத்திவிட்டார். அத்தை என் அருகில் வந்தார்.

"வீட்டுக்குள்ளயுமா?"

"ஆமாங்கத்தை."

"எனக்குப் பயந்தா?"

நான் முந்தானையைக் காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் அதை விலக்கி என் கன்னத்தைப் பார்த்தார். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, "நான் என்னா சொன்னேன்னு இதுக இப்பிடிச் சிரிச்சுதுகன்னு தெரியலீங்க. இவ மறுபடி சிரிக்கணும்னா சொல்லுங்க, இன்னொருக்கா சொல்றேன்" என்றார்.

எனக்குத் திரும்பவும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை டொக்டர் சிரிக்கவில்லை. நான் சிரிப்பதை மட்டும் கண் எடுக்காமல் பார்த்தார். மேலுதடு, கீழுதடு, வாயோரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்புலன்ஸ் வேறு நோயாளிகளோடு கொழும்புக்குப் போனது. எங்கள் துணிமணி கட்டிலிலேயே கிடந்தது.

நாலு நாள் கழித்துச் சத்திரசிகிச்சை. "திறந்து பாத்தாத்தான் உறுதியாத் தெரியும்" என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "சோத்துக்குள்ளை கிடக்கிற தலைமயிரை அறாமல் எடுக்கிற மாதிரியான வேலை. பாத்துச் செய்வம்." காலையில் உள்ளே கொண்டு போனார்கள், வெளியே வரும்போது மதியம் தாண்டிவிட்டது. அவ்வளவு நேரமும் அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கதவடியில் இருந்தாராம். யார் வெளியே வந்தாலும், தரை துடைக்க வந்தவரைக்கூட நிறுத்தி, "நரம்பு இருக்குங்களா?" என்று கேட்டாராம். மிஸ்ஸிதான் பிறகு சொன்னார். கட்டி எப்படி என்றோ நான் எப்படி என்றோ கேட்கவில்லையாம். நரம்பு ஒன்றுதான்.

நரம்பு இருந்தது. கட்டி அதைத் தள்ளிப்போட்டுத்தான் வளர்ந்திருந்தது, தின்னவில்லை. கட்டி முழுதாக வந்துவிட்டதென்றும் ஒரு துண்டைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருப்பதாகவும் டொக்டர் சொன்னார்.

ஆனால் கட்டு அவிழ்த்த அன்று உண்மையாகவே என் வாயோரம் அசையவில்லை. தண்ணீர் குடித்தால் வலது பக்கத்தால் வழிந்தது. மறைத்துப் பழகியதற்குத் தண்டனை என்று நினைத்து அழுதேன். டொக்டர் பதறவில்லை. தொட்டு விலக்கியதில் நரம்பு களைத்துப் போயிருக்கிறது, மெல்ல எழும்பும், கன்னத்தை ஊதிப் பழகு, பல்லைக் காட்டிப் பழகு, சீக்காய் அடித்துப் பழகு என்றார். சீக்காய் என்றால் என்ன என்று அன்றைக்கு அத்தை பட்டென்று கேட்டுவிட்டார். டொக்டரே உதட்டைக் குவித்து அடித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் வெயில் ஏறுவதற்கு முன் முற்றத்தில் எனக்கு எதிரே அத்தை உட்கார்ந்துவிடுவார். அவர் கன்னத்தை ஊதினால் நான் ஊத வேண்டும். அவர் பல்லைக் காட்டினால் நான் காட்ட வேண்டும். பிறகு விசில். பொம்பிளைகள் விசிலடிப்பதா என்று காலனியில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "டாக்டரு அடிக்கச் சொல்லியிருக்காரு. வேணும்னா நீயும் வந்து உக்காந்து அடி" என்று அத்தை வேலிக்கு மேலால் சத்தம் போட்டார். ஒரு மாதம் எனக்குக் காற்றுத்தான் வந்தது. ஒரு நாள் திடீரென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அத்தை எழுந்து ஓடிப்போய், வயலுக்குப் போய்க்கொண்டிருந்த மகனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைத் திரும்ப விசிலடிக்க வைத்து அவருக்குக் காட்டினார்.

கொழும்பிலிருந்து முடிவு வந்திருந்தது. சாதுவான கட்டி. கடைசியாகக் கிளினிக்குக்குப் போன அன்று டொக்டர் அதைப் படித்துச் சொன்னார். காதுச் சோணை இனிமேல் மரத்தே இருக்கும் என்றார். இன்றைக்கும் தோடு போட்டால் போட்டது தெரியாது. புளிக்குழம்பு சாப்பிட்டால் அந்தப் பக்கக் கன்னம் வியர்க்கும். "கன்னத்துக்கு வாயூறுது" என்று அத்தை கேலி செய்வார். அவ்வளவுதான் மிச்சம்.

கட்டியை எடுத்துத் தந்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் அன்று டொக்டர் முன்னால் நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தடுத்தார்.

"எனக்கில்லை, உங்கடை மாமிக்குச் சொல்லுங்கோ. நான் அனுப்பிப்போட்டன். அவாதான் மறிச்சவா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். வாய் திறந்து அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"எதுக்குடி நன்றி? அவரு கேட்டாரு, நான் உள்ளதச் சொன்னேன்."

சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் நிறையச் சனம் இருந்தது. நான் வாயைப் பொத்தவில்லை.

அந்த டொக்டரும் மிஸ்ஸியும் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ இடம் பெயர்ந்துவிட்டோம். அத்தையும் போய்விட்டார். கேட்டதற்கு வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லும் ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் இந்த முகம் எனக்கு மிஞ்சியது. இன்றைக்கும் எந்த டொக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாலும், அத்தை பக்கத்தில் நின்று முந்தானையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டுதான் நான் வாயைத் திறக்கிறேன்.